கிரெய்கெலக்கி: கடைசி ஆணி அடிக்கப்பட்ட சாலையோரத்தைப் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சிக்கமஸ், ரெவெல்ஸ்டோக் ஆகிய இரண்டு ஊர்களுக்கு நடுவே, டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையை ஒட்டி கிரெய்கெலக்கி என்ற இடம் இருக்கிறது. ஊர் என்று சொல்லத்தக்க கடைத்தெருவோ குடியிருப்போ அங்கே கிடையாது. வண்டிகளை நிறுத்த ஒரு திடல், கற்களை அடுக்கிக் கட்டிய ஒரு நினைவுச்சின்னம், ஓய்வுபெற்ற கார்டு பெட்டி ஒன்று, நினைவுப் பொருள் விற்கும் சிறு கடை, அவற்றுக்குப் பின்னால் சரக்கு ரயில்கள் ஓடும் இருப்புப்பாதை, அதற்கும் அப்பால் காடு. இவ்வளவுதான். இருந்தும் கனடாவின் பள்ளிப் பாடநூல்களில் பெரிய நகரங்களுக்கு நிகராக இந்தப் பெயர் இடம்பெறுகிறது. 1885 நவம்பர் 7 அன்று காலை 9.22 மணிக்கு, கனடிய பசிபிக் ரயில்வேயின் கிழக்குப் பாதையையும் மேற்குப் பாதையையும் இணைத்த கடைசி ஆணி இங்கேதான் அடிக்கப்பட்டது.

ரயில்வேயால் பிறந்த ஊர்கள் உலகெங்கும் உண்டு. பணிமனை, சந்திப்பு, நீர்த்தொட்டி, நிலக்கரிக் கிடங்கு என்று ஏதோ ஒரு வேலை அந்த ஊர்களுக்கு இருந்தது. கிரெய்கெலக்கிக்கு அப்படிப்பட்ட வேலை எதுவும் இருந்ததில்லை. ஒரே ஒரு காலைப்பொழுதின் சில நிமிடங்களால் மட்டுமே புகழ்பெற்ற இடம் அது. அந்தச் சில நிமிடங்கள் ஏன் அங்கே நிகழ்ந்தன, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அன்று எடுக்கப்பட்ட ஒளிப்படம் எதைக் காட்டியது, எதை விட்டுவிட்டது என்பனவற்றைப் பார்த்தால், இந்த இடத்தின் வரலாற்றில் பொறியியலைவிடக் கடன் கணக்குக்கே கூடுதல் பங்கு இருப்பது தெரியவரும்.

பாதை வந்த வழி

பிரிட்டிஷ் கொலம்பியா 1871 ஜூலை 20 அன்று கனடியக் கூட்டமைப்பில் சேர்ந்தபோது, கிழக்கையும் பசிபிக் கரையையும் இணைக்கும் ரயில்பாதை 2 ஆண்டுகளுக்குள் தொடங்கப்பட்டு 10 ஆண்டுகளுக்குள் முடிக்கப்படும் என்று வாக்களிக்கப்பட்டது. வாக்கு எளிதாக இருந்தது, வேலை எளிதாக இல்லை. ரயில்வே ஒப்பந்தத்தை எதிர்பார்த்திருந்தவர்களிடமிருந்து ஆளுங்கட்சி தேர்தல் செலவுக்குப் பணம் பெற்ற விவகாரம் 1873-இல் வெடித்து, பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டின் அரசு கவிழ்ந்தது. 1878-இல் அவர் மீண்டும் பதவிக்கு வந்த பிறகே திட்டம் உயிர்பெற்றது. 1881 பிப்ரவரியில் கனடிய பசிபிக் ரயில்வே நிறுவனம் சட்டப்படி உருவாயிற்று. அரசு அதற்கு 2.5 கோடி டாலர் பணமும் 2.5 கோடி ஏக்கர் நிலமும் தர ஒப்புக்கொண்டது. பாதை 1891 மே மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது நிபந்தனை.

அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் வடக்கே உள்ள யெல்லோஹெட் கணவாயைப் பரிந்துரைத்திருந்தார். நிறுவனமோ தெற்கு வழியைத் தேர்ந்துகொண்டது. அந்த வழியில் ராக்கி மலைகளைக் கிக்கிங் ஹார்ஸ் கணவாய் மூலம் கடந்துவிடலாம், ஆனால் அடுத்து நிற்கும் செல்கர்க் மலைத்தொடரில் வழி இருக்கிறதா என்பதே முடிவெடுத்தபோது யாருக்கும் தெரியாது. மேஜர் ஏ. பி. ரோஜர்ஸ் அங்கே, பின்னர் ரோஜர்ஸ் கணவாய் எனப்பட்ட ஒரு வழியைக் கண்டுபிடித்தது நிறுவனத்தின் நல்லூழ். அதைத் தாண்டினால் கொலம்பியா ஆறு, அதற்கு மேற்கே ஈகிள் கணவாய். இந்தக் கடைசிக் கணவாயை 1865-லேயே வால்ட்டர் மோபர்லி என்ற நில அளவையாளர் கண்டிருந்தார். கழுகுக் கூடு ஒன்றை நோக்கித் தாம் சுட்டதாகவும், பறந்த கழுகுகள் சென்ற திசையைப் பின்பற்றியே பள்ளத்தாக்கை அறிந்ததாகவும் அவரே பின்னாளில் சொன்னார். அந்தப் பள்ளத்தாக்கு அங்குள்ள பூர்வகுடிகளான செக்வெப்பெம் மக்களுக்குத் தலைமுறைகளாகப் பழக்கமான நிலம் என்பதால் ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லைச் சற்று ஒதுக்கிவைத்தே படிக்க வேண்டும்.

அந்தப் புள்ளி ஏன் அங்கே விழுந்தது

மேற்கே பசிபிக் கரையின் போர்ட் மூடியிலிருந்து ஃபிரேசர் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கு வழியாகப் பாதையை அமைத்தவர் ஆண்ட்ரூ ஓண்டர்டாங்க் என்ற அமெரிக்க ஒப்பந்ததாரர். அரசிடம் பெற்ற ஒப்பந்தத்தை சவோனாவரை முடித்த பிறகு, அங்கிருந்து ஈகிள் கணவாய்வரையிலான பகுதியையும் அவர் நிறுவனத்துக்காக எடுத்துச் செய்தார். கிழக்கிலிருந்து வந்த குழுவோ ஜேம்ஸ் ராஸின் மேற்பார்வையில் ரோஜர்ஸ் கணவாயைத் தாண்டி, கொலம்பியா ஆற்றின் மேல் பாலம் போட்டு, ஈகிள் கணவாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

1885 செப்டம்பர் இறுதியில் ஓண்டர்டாங்கின் கையிலிருந்த தண்டவாளங்கள் தீர்ந்துபோயின. அவர் வேலையை நிறுத்தி, ஆட்களின் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். மேற்குப் பாதையின் நுனி எந்த இடத்தில் நின்றதோ, அந்த இடமே சந்திப்புப் புள்ளியாயிற்று. மீதமிருந்த தொலைவைக் கிழக்குக் குழு தனியாக முடிக்க வேண்டியிருந்தது. இலையுதிர் காலத்து மழை மண்ணைச் சேறாக்கி வேலையைத் தாமதப்படுத்த, நவம்பர் 7 வந்துவிட்டது. ஆக, நாட்டின் இரண்டு பாதிகளும் கைகுலுக்கிய இடம் என்று பிற்காலம் கொண்டாடும் அந்தப் புள்ளியை எந்த வரைபடமும் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. தண்டவாள இருப்பு இன்னும் சில நாள் நீடித்திருந்தால், நினைவுச்சின்னம் கிழக்கே வேறொரு வளைவில் நின்றிருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். ‘கடைசி ஆணி’ என்ற சொல்லே கொஞ்சம் தளர்வானது. சுப்பீரியர் ஏரியின் வடகரையில் கருங்கல்லைப் பிளந்து போடப்பட்ட பகுதி 1885 மே மாதம் இணைந்தபோது, அங்கும் ஒரு கடைசி ஆணி அடிக்கப்பட்டது. அதைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

பெயர் ஒரு தந்தி

இடத்தைத் தற்செயல் தீர்மானித்தது, பெயரைத் தீர்மானித்தது அதுவல்ல. ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் கிரெய்கெலக்கி என்று ஒரு பெயர் உண்டு. கிராண்ட் குலத்தார் போருக்குத் திரளும் பாறையின் பெயரும் அதுவே, ‘உறுதியாய் நில், கிரெய்கெலக்கி’ என்பது அவர்களுடைய போர் முழக்கம். நிறுவனத்தின் முதல் தலைவர் ஜார்ஜ் ஸ்டீபனும், அவருடைய உறவினரும் இயக்குநருமான டொனால்ட் ஸ்மித்தும் அந்த வட்டாரத்தில் வேர்கொண்டவர்கள்.

1884-இல் நிறுவனம் திவாலின் விளிம்புக்கு வந்துவிட்டது. அவ்வாண்டு அரசு கொடுத்த 2.25 கோடி டாலர் கடனையும் மலைப்பகுதி விழுங்கிக்கொண்டிருந்தது. ஸ்டீபனும் ஸ்மித்தும் தங்கள் சொந்தச் சொத்துகளையே ஈடு வைத்திருந்தார்கள். லண்டனில் கடன் தேடி அலைந்த ஸ்டீபனுக்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து 50,000 பவுண்டு கிடைத்தது. உடனே அவர் மாண்ட்ரியலில் இருந்த ஸ்மித்துக்கு அந்தப் பழைய போர் முழக்கத்தையே தந்தியாக அடித்தார். மூன்றே சொல். வேறு யார் படித்தாலும் விளங்காது, ஸ்பே ஆற்றங்கரையைச் சேர்ந்தவனுக்கு மட்டும் முழுவதும் விளங்கும். பாதை எங்கே இணைந்தாலும் அந்த இடத்துக்குக் கிரெய்கெலக்கி என்றே பெயர் வைப்பது என்று பொது மேலாளர் வில்லியம் வான் ஹோர்ன் முடிவு செய்திருந்தார். இடம் பிறப்பதற்கு முன்பே பெயர் காத்திருந்தது.

தந்தியால் வந்த பணமும் வெகுநாள் தாங்கவில்லை. 1885 மார்ச்சில் சஸ்காச்சுவன் பகுதியில் லூயி ரியல் தலைமையில், பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மேட்டி மக்களின் எழுச்சி வெடித்தபோது, முடிவுபெறாத அதே பாதையில், இடைவெளிகளில் படைவீரர்களைப் பனிச்சறுக்கு வண்டியிலும் கால்நடையாகவும் நகர்த்தி, வான் ஹோர்ன் சில நாட்களிலேயே படையை மேற்கே சேர்த்தார். ரயில்பாதையின் பயன் நாடாளுமன்றத்துக்கு அப்போது கண்கூடாயிற்று. ஜூலையில் மேலும் 50 லட்சம் டாலர் கடன் தர ஒப்புதல் கிடைத்தது. அதே மாதத்தில் லண்டனின் பேரிங் வங்கி நிறுவனத்தின் கடன் பத்திரங்களை ஏற்றுக்கொண்டது.

அந்த வங்கியின் தலைவர் ரெவெல்ஸ்டோக் பிரபு. கொலம்பியா ஆற்றங்கரையில் ஃபார்வெல் என்ற பெயரில் இருந்த ஊர் பிறகு அவர் பெயரைப் பெற்றது. கிழக்கே செல்கர்க் மலையில் ‘சிண்டிகேட் சிகரம்’ என்று முதலில் அழைக்கப்பட்டது, ஸ்மித்தின் நினைவாக மவுண்ட் சர் டொனால்ட் ஆயிற்று. அதற்கும் கிழக்கே மவுண்ட் ஸ்டீபன். சாலையில் ஒரு நாள் பயணம் செய்பவர் வழிகாட்டிப் பலகைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனாலே, நிறுவனத்தின் வரவுப் பக்கத்தை ஏறக்குறைய முழுவதும் படித்துவிடலாம். செலவுப் பக்கத்துக்குத்தான் பலகை இல்லை.

நவம்பர் 7, காலை

அன்றைய வானம் மங்கலாகவும் மூடுபனியோடும் இருந்தது. அமெரிக்காவில் 1869-இல் பிராமன்டரி மேட்டில் தங்க ஆணி வைத்து விழா எடுத்ததை எல்லோரும் அறிவார்கள். வான் ஹோர்ன் அப்படி எதுவும் வேண்டாம் என்றார். கடைசி ஆணி, பாதையில் உள்ள மற்ற ஆணிகளைப் போன்ற நல்ல இரும்பாணியாகவே இருக்கும், அதை அடிப்பதைப் பார்க்க விரும்புகிறவர் முழுக் கட்டணம் செலுத்தி வரட்டும் என்பது அவர் பேச்சாகப் பதிவாகியிருக்கிறது. இதைச் சிக்கனத்தின் பெருமையாகச் சொல்வது வழக்கம். விழா எடுக்கப் பணமில்லாத நிறுவனத்தின் மேலாளர் அதை மிடுக்காகச் சொல்லிவிட்டார் என்று படிப்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

வெள்ளி ஆணி ஒன்று இருக்கத்தான் செய்தது. தலைமை ஆளுநர் லான்ஸ்டவுன் பிரபு அதைச் செய்வித்து, தாமே அடிக்கும் எண்ணத்தோடு மேற்கே வந்திருந்தார். வேலை முடியத் தாமதமானதால் அவர் ஒட்டாவாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று, ஆணியும் அவரோடு திரும்பிவிட்டது. பிரதமர் மெக்டொனால்ட் வரவில்லை. தந்தி அடித்த ஸ்டீபன் இங்கிலாந்தில் இருந்தார். அங்கிருந்த இயக்குநர்களில் மூத்தவர் என்ற முறையில் சுத்தியல் 65 வயது டொனால்ட் ஸ்மித்தின் கைக்கு வந்தது.

இதில் ஒரு நகைமுரண் உண்டு. 1873-இல் மெக்டொனால்டின் அரசு ஆட்டம் கண்டபோது, நாடாளுமன்றத்தில் தம் ஆதரவை விலக்கி அதைச் சாய்த்தவர்களில் முதன்மையானவர் இதே ஸ்மித். பிரதமரின் கசப்பு அத்தகையது என்பதால், 1880-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஸ்மித்தின் பெயரைக் காட்டாமலே அவருடைய பணத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் பெயரில்லாதவரின் உருவமே நாட்டின் மிகப் புகழ்பெற்ற ஒளிப்படத்தின் நடுவில் நிற்கிறது.

ஸ்மித்தின் முதல் அடி சரியாக விழாமல் ஆணி வளைந்துவிட்டது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை நிறுத்தினார்கள். இம்முறை நிதானமாக அடித்து இறக்கினார். சற்று நேரம் யாரும் பேசவில்லை என்றும், பிறகே ஆரவாரமும் எஞ்சின் ஊதலும் எழுந்தன என்றும் உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பேசச் சொன்னபோது வான் ஹோர்ன் சொன்னது ஒரே வாக்கியம்: வேலை எல்லா வகையிலும் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு அவர்கள் வந்த ரயில் மேற்கே நகர்ந்து மறுநாள் போர்ட் மூடியில் கடலைக் கண்டது.

சட்டகத்துக்குள்ளும் வெளியிலும்

அந்த ஒளிப்படத்தை எடுத்தவர் அலெக்சாண்டர் ராஸ். குனிந்து சுத்தியல் பிடித்திருக்கும் ஸ்மித், அவருக்குப் பின்னால் வெண்தாடியும் உயர்ந்த தொப்பியுமாக ஃபிளெமிங், பக்கத்தில் கனத்த உடலோடு வான் ஹோர்ன். இவர்களுக்கு நடுவே இடம் பிடித்து எட்டிப் பார்க்கும் இளைஞன் ஒருவன் உண்டு. அவன் பெயர் எட்வர்ட் மலண்டைன், வயது 18. ரியலின் எழுச்சியை எதிர்த்துப் போரிடுவதற்காக விக்டோரியாவிலிருந்து கிளம்பி, போர் முடிந்துவிட்டதால் பாதி வழியில் நின்று, அந்த மலைப்பகுதியில் குதிரை மேல் தபால் சுமந்து பிழைத்தவன். அவனுக்கு அங்கே எந்த அலுவலும் இல்லை. கூட்டத்துக்குள் நுழைந்து முன்னால் வந்துவிட்டான், அவ்வளவுதான். பின்னாளில் கிரெஸ்டன் என்ற ஊரை நிறுவியவர்களில் ஒருவரான அவர், 1949-இல் இறக்கும்வரை அந்தப் படத்தின் பையனாகவே அறியப்பட்டார்.

கனவான்கள் வண்டியேறிப் போன பிறகு, எஞ்சிய தொழிலாளர்கள் தாங்களே ஒரு கடைசி ஆணியை நிறுத்தி, தங்களில் ஒருவரைச் சுத்தியல் பிடிக்கவைத்து, தனியே ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. முதல் படத்தை மட்டும் பார்த்து இந்த நிகழ்வை விளக்குபவர்கள் இரண்டாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு படங்களிலுமே இல்லாதவர்கள் சீனத் தொழிலாளர்கள். ஓண்டர்டாங்கின் பகுதியில் 1880-களின் முதற்பாதியில் வேலை செய்த சீனர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 15,000 என்று கணக்கிடப்படுகிறது. அவர்களில் பலர் குவாங்டுங் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். நாளொன்றுக்கு 1 டாலர் கூலி, அதிலிருந்தே சாப்பாட்டுக்கும் கூடாரத்துக்கும் செலவழிக்க வேண்டும். வெள்ளைத் தொழிலாளர்களுக்கு 1.50 டாலரிலிருந்து 2.50 டாலர்வரை கிடைத்தது, உணவும் உறைவிடமும் தனி. சுரங்கம் குடைதல், நைட்ரோகிளிசரின் கொண்டு பாறையைத் தகர்த்தல் போன்ற வேலைகள் பெரும்பாலும் சீனர் குழுக்களுக்கே விடப்பட்டன. வெடிவிபத்து, பாறைச் சரிவு, ஆற்றில் மூழ்குதல், குளிர்காலத்து ஸ்கர்வி நோய் ஆகியவற்றில் இறந்தவர்கள் குறைந்தது 600 பேர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. பல சாவுகள் பதிவே பெறாததால் அதைக் கீழெல்லையாகவே கொள்ள வேண்டும்.

அவர்கள் படத்தில் இல்லாததற்கு நேரடிக் காரணம் முன்பே சொல்லப்பட்டது: ஓண்டர்டாங்கின் குழுவே செப்டம்பரில் கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் காரணத்தோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. இந்த உழைப்பாளர்கள் இல்லையென்றால் ரயில்பாதையும் இல்லை என்று 1882-இல் நாடாளுமன்றத்தில் வாதிட்டவர் மெக்டொனால்ட். அவருடைய அரசே, வேலை முடியும் தறுவாயில், 1885 ஜூலையில், கனடாவுக்குள் வரும் ஏறத்தாழ ஒவ்வொரு சீனர்மீதும் 50 டாலர் தலைவரி விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நிறுவனத்துக்கு 50 லட்சம் டாலர் கடன் வழங்கியதும் இந்த வரியை விதித்ததும் ஒரே கூட்டத்தொடர்தான். கடைசி ஆணி அடிபடுவதற்கு ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன்பே வாசற்கதவு சாத்தப்பட்டிருந்தது. அந்த வரி 1900-இல் 100 டாலராகவும் 1903-இல் 500 டாலராகவும் ஏறியது, 1923-இல் சீனர் வருகையையே ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கும் சட்டம் வந்தது, 1947-இல்தான் அது நீங்கியது. 2006 ஜூன் 22 அன்று கனடிய அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு, வரி செலுத்தியவர்களில் உயிரோடிருந்தவர்களுக்கோ இறந்தவர்களின் வாழ்க்கைத்துணைக்கோ 20,000 டாலர் வழங்க முன்வந்தது.

வெளியே நின்றவர்கள் இன்னும் உண்டு. கிரெய்கெலக்கியில் ஆணி இறங்கிய ஒன்பதாம் நாள், நவம்பர் 16 அன்று, ரெஜைனாவில் ரியல் தூக்கிலிடப்பட்டார். அவருடைய எழுச்சியை அடக்கப் படை கொண்டுசென்றதாலேயே கடன் பெற்று, அக்கடனாலேயே முடிந்த பாதை இது. நாட்டை இணைத்த நிகழ்வு என்று ஒரு பக்கமும், பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் நீண்டகாலப் பிளவை உண்டாக்கிய நிகழ்வு என்று மறுபக்கமும் நாட்காட்டியில் இவ்வளவு நெருக்கமாக அமைந்துவிட்டன.

ஆணிகளும் கல்லும்

உண்மையான கடைசி ஆணி அதிக நாள் கட்டையில் இருக்கவில்லை. நினைவுப்பொருளாக யாரேனும் பிடுங்கிச் சென்றுவிடுவார்கள் என்ற அச்சத்தில், பாதை மேற்பார்வையாளரான ஃபிராங்க் பிரதர்ஸ் தாமே அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை அடித்தார். வளைந்துபோன முதல் ஆணியை ஸ்மித் எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து இரும்பைச் சீவி வைரம் பதித்த ஊசிகளாகச் செய்வித்து வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். எஞ்சிய பகுதியை 1985-இல் அவர் வழித்தோன்றல்கள் ஒட்டாவாவின் அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு அளித்தனர். ஆக, கடைசி ஆணி என்று மக்கள் போய்ப் பார்க்கும் பொருள் பாதையை இணைக்கத் தவறிய ஆணி, அடிக்கப்படாத வெள்ளி ஆணிக்கும் அருங்காட்சியகத்தில் இடமுண்டு, பாதையை இணைத்த ஆணியோ கிரெய்கெலக்கியில் இல்லை.

நினைவுச்சின்னத்தில் பதித்திருக்கும் வாசகம், கடலிலிருந்து கடல்வரையிலான பாதை இங்கே நிறைவுற்றதாகச் சொல்கிறது. கணக்காகப் பார்த்தால் அதுவும் சற்று மிகையே. 1885-இல் இந்தப் பாதையின் கிழக்கு முனை செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையிலுள்ள மாண்ட்ரியல். அட்லாண்டிக் கரையின் செயின்ட் ஜான் நகருக்கு நிறுவனத்தின் ரயில் போய்ச் சேர்ந்தது 1889-இல். பயணிகளுக்கான முதல் முழுநீள ரயிலும் கடைசி ஆணிக்குப் பிறகு ஏழு மாதங்களுக்கு மேல் கழித்து, 1886 ஜூன் 28 அன்று மாண்ட்ரியலிலிருந்து புறப்பட்டு, ஜூலை 4 அன்று போர்ட் மூடியை அடைந்தது. நடுவில் வந்த பனிக்காலம் முழுவதும் செல்கர்க் பகுதி பாதை பனிச்சரிவுகளால் மூடிக்கிடந்தது.

சாலையோரமான கதை

ரயில்வே நிகழ்வு ஒன்றின் நினைவிடம் சாலைப் பயணிகளின் இடமாக மாறியதே இதன் அண்மை வரலாறு. 1962-இல் ரோஜர்ஸ் கணவாய் வழியாக டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது, இருப்புப்பாதையை ஒட்டியே ஓடும் அந்தச் சாலை கிரெய்கெலக்கியைக் காரில் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கும் இடமாக்கிற்று. நினைவுச்சின்னத்தில் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் ஆட்சிப்பகுதியிலிருந்தும் கொண்டுவந்த கற்கள் சேர்க்கப்பட்டுள்ளன. 1985 நவம்பர் 7 அன்று நூற்றாண்டு நாளில் ஆணி அடித்த காட்சியை மீண்டும் நடித்துக் காட்டினார்கள்.

அதற்கு ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை, 1990 ஜனவரியில் நாடு தழுவிய ‘கனடியன்’ பயணிகள் ரயில் இந்த வழியிலிருந்து விலக்கப்பட்டு, யெல்லோஹெட் கணவாய் வழியே செல்லும் வடக்குப் பாதைக்கு மாற்றப்பட்டது. நூறாண்டுக்கு முன்பு ஃபிளெமிங் பரிந்துரைத்த அதே கணவாய். இன்று கிரெய்கெலக்கி வழியாகத் தானியம், நிலக்கரி, பொட்டாஷ், சரக்குப் பெட்டகங்கள் ஏற்றிய நீண்ட வண்டிகள் போகின்றன. கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கான ராக்கி மவுன்டனீர் ரயிலும் கடந்து போகிறது. ரயிலில் வந்து இங்கே இறங்க வழியில்லை. கடைசி ஆணி அடித்த இடத்தைக் காண விரும்புகிறவர் ரெவெல்ஸ்டோக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் காரில் வந்து, பாதைக்கு இப்பால் நின்று பார்க்க வேண்டும்.